எடை குறைக்க விரும்புவோர் வீட்டுச் சாப்பாட்டை அளப்பது எப்படி?

எடையைக் குறைக்க முனைவோரில் பலர் எதை உண்பது, எதைத் தவிர்ப்பது என்பதில் காட்டும் அக்கறையை, எவ்வளவு உண்கிறோம் என்பதில் காட்டுவதில்லை. நம் வீடுகளில் எல்லோருக்கும் ஒரே பானையில் சமைக்கப்படுவதாலும், பரிமாறுபவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பதாலும், தட்டில் விழுந்த சோறு எத்தனை கிராம் என்பது உண்பவருக்கே தெரியாமல் போகிறது. எனவே அளக்கும் வேலையை அரிசி களைவதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் 5 கிலோ வரை தாங்கக்கூடிய, 1 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறை மின்தராசு ஒன்றை வாங்கிச் சமதளமான மேடையில் வையுங்கள். பாத்திரத்தை அதன்மேல் வைத்துச் சுழிய பொத்தானை அழுத்தினால், பாத்திரத்தின் எடை கழிந்து உள்ளே போடுவதன் எடை மட்டும் தெரியும். அடுத்து, வீட்டில் வழக்கமாகப் புழங்கும் டம்ளர், கிண்ணம், குழிக்கரண்டி ஆகியவற்றில் தண்ணீரை நிரப்பி எடை பாருங்கள். 1 கிராம் தண்ணீர் 1 மில்லிலிட்டர் என்பதால் ஒவ்வொன்றின் கொள்ளளவும் உடனே தெரிந்துவிடும். அரிசி அளக்கும் ஆழாக்கை மட்டும் தண்ணீரால் சோதிக்காமல், அதே அரிசியை நிரப்பி நிறுத்துப் பார்க்க வேண்டும். 8 ஆழாக்கு 1 படி என்ற வாய்பாடு பொதுவானதே என்றாலும், படியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டே வந்திருக்கிறது.

சோற்றின் எடையை வைத்து நேரடியாகக் கலோரி கணக்கிடுவது தவறான விடைக்கே கொண்டுபோய்விடும். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. அது வெந்தபின் 250 கிராமாகவும் வரலாம், 300 கிராமாகவும் வரலாம். உதிரியாக வடித்த சோற்றைவிடக் குழைந்த சோற்றில் தண்ணீர் அதிகம். ஆகவே வேகாத அரிசியின் எடையையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். உதாரணமாக, குடும்பத்துக்கு 300 கிராம் அரிசி வைக்கிறீர்கள், உங்கள் பங்கு 60 கிராம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள் என்றால், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது. வெந்தபின் சோற்றோடு பானை 1,490 கிராமும், வெறும் பானை 650 கிராமும் இருந்தால் சோறு 840 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கான 168 கிராமை நிறுத்துப் போட்டுக்கொண்டால், சோற்றிலிருந்து கிடைப்பது சுமார் 210 கலோரி. இதற்கு வெறும் பானையின் எடை எப்போதும் கைவசம் இருக்க வேண்டும் என்பதால், அதை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் கடைக்காரர் பெயர் வெட்டித் தரும்போதே எடையையும் சேர்த்து வெட்டச் சொல்வது இன்னும் வசதி.

சோற்றைக் குறைத்தும் எடை இறங்கவில்லை என்பவர்கள் அடுத்துச் சோதிக்க வேண்டியது எண்ணெயை. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பில் 9 கலோரி. 15 மில்லிலிட்டர் கொண்ட ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருப்பதால், தாளிப்பதற்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று, தோசைக்குச் சுற்றிலும் ஒன்று எனக் கண்ணளவில் ஊற்றுவது, அளந்து போட்ட சோற்றின் கணக்கைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அளப்பது சலிப்பூட்டும் என்பதால், மாதக் கணக்காக வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். 1 லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். 4 பேர் உள்ள வீட்டில் மாதம் 2 லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் ஆகிறது. 4 லிட்டர் செலவாகும் வீட்டில் அது 30 கிராம். நெய்யையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

தோசை மாவு, இட்லிப் பொடிக்கு விடும் நல்லெண்ணெய், தேங்காய்ச் சட்னி போன்றவற்றுக்கு ஓர் எளிய வழி உண்டு. மாவுப் பாத்திரத்தை அப்படியே தராசில் வைத்துச் சுழியமாக்கிவிட்டு, ஒரு கரண்டி எடுத்து ஊற்றுங்கள்; திரையில் கழித்தல் குறியோடு தோன்றும் எண்ணே நீங்கள் எடுத்த அளவு. இட்லிக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. ஒரே தட்டில் வார்ப்பதால் எண்ணிக்கையே போதும். கீரையையும் காயையும் நிறுப்பது என் கருத்தில் வீண் வேலை. அவற்றில் சேரும் தேங்காயையும் எண்ணெயையும் நிறுத்தால் போதும். உருளைக்கிழங்கு, சேனை, மரவள்ளி ஆகியவற்றை மட்டும் சோற்றின் பங்காளிகளாகக் கருதி அளக்க வேண்டும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (1918-இல் குன்னூரில் தொடங்கப்பட்ட நிறுவனம் இது) 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2,000 கலோரி கொண்ட ஒரு நாள் உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று தரப்பட்டுள்ளது. இவை சமைப்பதற்கு முந்தைய எடைகள். எடை குறைப்பவர் இதில் தானியத்திலும் எண்ணெயிலும் கை வைக்கலாம். பருப்பையும் காயையும் குறைத்தால் பசி தாங்காமல் மாலையில் முறுக்குச் சம்படத்தைத் திறக்க நேரிடும்.

பரிமாறும் முறையிலும் சிறு மாற்றம் தேவை. உங்கள் பங்குச் சோற்றை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால், "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்" என்ற அன்பான வற்புறுத்தலுக்கு மறுப்புச் சொல்வது எளிதாகிறது. இரண்டாம் முறை வேண்டுமென்றால் பொரியலோ, ரசமோ, மோரோ வாங்கிக்கொள்ளலாம். நிலக்கடலையைப் பொட்டலத்திலிருந்து நேராகத் தின்னாமல் 30 கிராம் மட்டும் கிண்ணத்தில் கொட்டிக்கொள்ளுங்கள். அதிலேயே சுமார் 170 கலோரி உண்டு. நாளொன்றுக்கு நான்கு முறை, தேக்கரண்டி இரண்டு வீதம் சர்க்கரை போட்டுத் தேநீர் அருந்துபவருக்குச் சர்க்கரையால் மட்டும் 160 கலோரி சேர்கிறது. உணவகத்தில் தராசு வைக்க இயலாது. முழுச் சாப்பாட்டுக்குப் பதிலாக அளவுச் சாப்பாடு கேட்டு, சோற்றில் பாதியைத் தொடுவதற்கு முன்பே ஒதுக்கச் சொல்லலாம்.

இன்சுலினோ சர்க்கரை நோய்க்கான மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு மாறாமல் மாவுச்சத்து மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் இத்தகைய குறைப்பைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

உடல் எடையைக் காலையில் கழிப்பறை சென்று வந்தபின், எதுவும் அருந்துவதற்கு முன் பாருங்கள். முந்தைய நாள் ஊறுகாயும் அப்பளமும் மிகுந்திருந்தால் உப்பினால் உடலில் நீர் தங்கி மறுநாள் எடை கூடுதலாகத் தெரியும் என்பதால், ஒரு வாரத்தின் சராசரியை முந்தைய வாரத்தின் சராசரியோடு ஒப்பிடுவதே சரி. மூன்று நான்கு வாரங்கள் சராசரி அசையாமல் நின்றால், முதலில் எண்ணெயையும் நொறுக்குத் தீனியையும் மீண்டும் அளந்து பாருங்கள். அவை சரியாக இருந்தால் மட்டும் அரிசியில் 10 கிராம் குறைக்கலாம்.