வடலியாகவே நிற்க வேண்டாம்: பயப்படாமல் மூப்படைய

முதல் நரையைக் கண்ணாடியில் பார்த்த அன்றைக்கே டை பாக்கெட் வாங்கிவந்தவன் நான். இப்போது 54 வயது. நடுவில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், நாற்பதைத் தாண்டுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் பைபிளில் சங்கீதம் 92-ஐ 12-ஆம் வசனத்திலிருந்து நிதானமாக வாசியுங்கள். ‘நீதிமான் பனையைப்போல் செழித்து’ என்று நம் தமிழ் வேதத்தில் இருக்கிறது. எபிரெயத்தில் அது பேரீச்சைதான், ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பனை என்றால்தான் உள்ளே இறங்கும். கொஞ்சம் தள்ளி, ‘அவர்கள் முதிர்வயதிலும் கனிதந்து’ என்று வருகிறது. வடலி, அதாவது இளம் பனை, பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு சொட்டுப் பதநீர் கிடைக்காது. பதநீர் தருகிற பூங்குலையான பாளை விடவே பெரும்பாலும் 15, 20 வருஷம் ஆகிவிடும், வீட்டுக்குக் கைமரம் வேண்டுமென்றாலும் வைரம் பாய்ந்த முதிர்ந்த மரத்தைத்தான் தேடிப் போவார்கள். இதெல்லாம் தெரிந்த நாமே வடலியாக நிற்க ஆசைப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, டை அடிக்கலாமா? அது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், அவ்வளவுதான். மனசு பதறுகிறதா, கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறதா, அப்படியானால் தலைமுடியை விட்டுவிட்டு அந்தப் பயத்தைக் கவனியுங்கள். ‘முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும்’ என்று 71-ஆம் சங்கீதத்தில் கெஞ்சுகிறவருக்கும் அதே பயம்தான், அவர் அதை ஆண்டவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த வசனத்தையே ஜெபமாக்குங்கள். பிறகும் அடிப்பதென்றால், காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடியுங்கள், அதில் கலக்கிற பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முகம் பளபளக்க என்று யாரோ சொல்லும் ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம், தோல் மெலிந்துபோகும்.

நடப்பது, சுகரைப் பார்ப்பது, கண்புரையை எடுப்பது எல்லாம் வயதை மறைப்பதிலிருந்து வேறு. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் கோயிலில். பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் பெயரோடு வயதையும் எழுதுங்கள், ஆண்டவர் கொடுத்த வருஷங்களுக்குத்தானே நன்றி சொல்கிறோம், எண்ணிக்கையை ஏன் மறைக்க வேண்டும்? யாரையாவது பாராட்ட ‘வயசே தெரியலையே’ என்பதை விடுங்கள், கேட்கிறவருக்கு வயது தெரிந்தால் ஏதோ குறை என்றுதான் அது சொல்லிக்கொடுக்கிறது. அசனப் பந்தியில், அதாவது கோயில் விருந்தில், வயதானவர்கள் வந்தால் பிள்ளைகளை எழுந்து இடம் கொடுக்கச் சொல்லுங்கள். ‘நரைத்தவனுக்கு முன்பாக எழுந்து’ என்பது லேவியராகமத்தில் கட்டளையாகவே இருக்கிறது.

கடைசியாக, பெலன் குறைந்த பிறகு என்ன கனி கொடுப்பது என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், நம்மில் பலர் யோசிக்காததும் இதுதான். நெல்லைப் பக்கம் டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டபோது அவருக்கு 63 வயது, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். அந்த இருபது வருஷமும் புத்தகமும் கடிதமுமாக எழுதிக்கொண்டே இருந்தார். நமக்கு எழுத்து வராமல் போகலாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என் பெரியம்மாவுக்கு 81 வயது, முட்டி மடங்காததால் கோயிலுக்கு வர முடியவில்லை. தெருவில் உள்ள பிள்ளைகள், வெளியூர் போனவர்கள் என்று ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, பக்கத்தில் அவரவர் பாரத்தையும் குறித்து, விடியற்காலையில் வரிசையாக ஜெபிக்கிறார்கள். பரீட்சை நாளில் போன் பண்ணி, ‘நல்லா எழுதுல, பெரியம்மா ஜெபிச்சிட்டேன்’ என்பார்கள். போன வாரம் பாளையங்கோட்டைக்குப் போனபோது அந்த நோட்டைப் புரட்டினேன். என் பெயருக்கு நேரே பென்சிலில், ‘தூக்கம் வரலையாம்’ என்று இருந்தது.