எடை குறைந்த பிள்ளைக்கு வீட்டுப் பராமரிப்பு: மார்போடு அணைப்பும் எண்ணெய்த் தடவலும்

பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்த பிள்ளை, பச்சிளங்குழந்தைப் பிரிவில் சில நாளோ சில வாரமோ இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறது. வந்ததும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். உரை மருந்து கொடு, சாம்பிராணி காட்டு, மூக்கில் எண்ணெய் விடு, தொக்கம் எடு, கழுதைப்பால் ஒரு சங்கு ஊற்று என்பார்கள். மருந்து மாத்திரைக்கு அப்பால் இந்தப் பிள்ளைக்கு உண்மையில் பலன் தருபவை இரண்டு: தோலோடு தோல் சேர்த்து அணைப்பதும், சுத்தமான எண்ணெயை மென்மையாகத் தடவுவதும். இரண்டுமே உடம்புக்கு வெளியே நடப்பவை. வாய், மூக்கு, கண், காது, தொப்புள் ஆகிய ஐந்திலும் நாமாக எதையும் இடக்கூடாது. பாலும் மருத்துவர் எழுதிய சொட்டு மருந்தும் மட்டுமே விதிவிலக்கு.

கங்காரு அணைப்பு

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. இன்குபேட்டர் (பிள்ளையைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி) பற்றாக்குறையால் பிறந்த யோசனை, பிறகு இன்குபேட்டர் உள்ள மருத்துவமனைகளுக்கும் போனது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இந்த அணைப்பைத் தொடங்கியவர்களிடம் முதல் 28 நாள் இறப்பு சுமார் கால்பங்கு குறைந்தது. குறைமாதப் பிள்ளைக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்திருக்கிறது. வீட்டிலும் அதே கணக்குத்தான்.

தாய் முன்பக்கம் திறக்கும் நைட்டியோ ரவிக்கையோ அணிந்து, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார வேண்டும். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும் போதும். சட்டை வேண்டாம், தோல் தோலைத் தொட வேண்டும். இரண்டு மார்புக்கும் நடுவில் பிள்ளையை நிமிர்த்தி வையுங்கள். தலை ஒருபக்கம் திரும்பியிருக்க, முகவாய் நெஞ்சில் புதையாமல் சற்றே உயர்ந்திருக்க வேண்டும். தொடைகள் விரிந்து மடங்கித் தவளை உட்கார்ந்தாற்போல் இருக்கும், கைகளும் மடங்கியிருக்கும். பிள்ளையின் வயிறு தாயின் மேல்வயிற்றின் மேல் வரும். தாய் மூச்சு விடும்போதெல்லாம் அந்த ஏற்ற இறக்கம் பிள்ளையும் மூச்சுவிடத் தூண்டுதலாகிறது.

பிறகு பழைய பருத்திச் சேலையையோ வேட்டியையோ மடித்துச் சுற்றிக் கட்டுங்கள். துணியின் மேல்விளிம்பு பிள்ளையின் காதுக்குக் கீழே நிற்க வேண்டும். இறுக்கம் பிள்ளையின் முதுகில், நெஞ்சின் உயரத்தில் வர வேண்டும், வயிற்றில் வரக்கூடாது. குறைமாதப் பிள்ளை வயிற்றால் மூச்சுவிடுகிறது, வயிறு இறுகினால் மூச்சும் இறுகும். தவறு பெரும்பாலும் கழுத்தில்தான் நடக்கிறது. கட்டு தளர்ந்தால் பிள்ளை மெல்லக் கீழே சரிகிறது, தலை முன்னால் மடிகிறது, மூச்சுக்குழாய் நெளிகிறது. கட்டியதும் எழுந்து இரண்டடி நடந்து பாருங்கள். பிள்ளை சரிந்தால் அவிழ்த்து மீண்டும் கட்டுங்கள். முகம் எப்போதும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

ஒருமுறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்திருங்கள். பத்து நிமிடம் வைத்து எடுத்து, மறுபடி வைத்து எடுப்பது பிள்ளையை அலைக்கழிப்பதாகும், தூக்கமும் சூடும் கலைந்துவிடும். தாய்க்குக் கழிவறை, சாப்பாடு, குளியல் என்று நேரம் வேண்டும். அப்போது அப்பாவோ பாட்டியோ மாற்றிக்கொள்ளலாம். சளி, காய்ச்சல், தோல் புண் உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் தவிர்க்க வேண்டும். தாய் தூங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். முதுகு நன்றாக உயர்ந்த கட்டிலில், பிள்ளை உறுதியாகக் கட்டப்பட்டிருக்க, பக்கத்தில் ஒருவர் விழித்திருந்தால் தூங்கலாம். சோபாவில் சாய்ந்தபடி தூங்கக் கூடாது, இடுக்கில் பிள்ளை சிக்கிக்கொள்ளும்.

சூடு போதுமா என்று தெரிய, புறங்கையால் பிள்ளையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில்லென்றால் குளிர் ஏறத் தொடங்கிவிட்டது, உடனே அணைப்பில் வைத்து மேலே போர்த்துங்கள். இரண்டும் சில்லென்றிருந்தால் அது ஆபத்து. அக்குளில் வெப்பமானி வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

பாலாடை

இந்தப் பிள்ளை மார்பில் வாய் வைத்தும் சீக்கிரம் களைத்துவிடும். பாட்டில் வேண்டாம். நம் வீட்டுப் பாலாடையே, அதாவது மூக்குள்ள சிறு கிண்ணமே, இதற்கு ஏற்றது, பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிழிந்த தாய்ப்பாலைப் பாலாடையில் எடுத்து, பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைப் பிள்ளையின் உதட்டோரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாயுங்கள். விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த சொட்டு. தூங்கும் பிள்ளைக்கு ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகும்.

மருத்துவமனை எழுதித் தந்த அளவே உங்களுக்குக் கணக்கு. கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள ஓர் உதாரணம்: முதல் வாரம் கடந்த, 1.8 கிலோ உள்ள பிள்ளைக்குக் கிலோவுக்கு 160 மில்லி என்று எழுதினால் நாளைக்கு 288 மில்லி. இரண்டு மணிக்கு ஒருமுறை என்று 12 வேளை கொடுத்தால் வேளைக்கு 24 மில்லி. அழுதால்தான் பால் என்று காத்திருக்காதீர்கள், எடை குறைந்த பிள்ளை பசித்தாலும் அழாமல் தூங்கிவிடும். பாலாடையை ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, நாளுக்கு ஒருமுறையாவது கொதிக்கும் நீரில் 20 நிமிடம் போட்டெடுங்கள்.

எடை ஏற்றம்தான் எல்லாவற்றுக்கும் சாட்சி. பிறந்த எடைக்குத் திரும்பிய பிறகு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 கிராமாவது கூட வேண்டும். 1.8 கிலோ பிள்ளை என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 190 கிராம். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், உடையில்லாமல் எடை பாருங்கள்.

எண்ணெய்த் தடவல்

குறைமாதப் பிள்ளையின் தோல் மெல்லியது. அதன் வழியாக நீரும் சூடும் வெளியேறுகின்றன, கிருமிகள் உள்ளே வருகின்றன. எண்ணெய் ஒரு பூச்சாக நின்று இதைக் குறைக்கிறது. அதோடு, மிதமான அழுத்தத்துடன் தடவும்போது எடை ஏற்றமும் கூடுவதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. டிஃபனி ஃபீல்ட் என்பவரின் குழு 1986-இல் அமெரிக்காவில் வெளியிட்டது முதன்மையானது: நாளைக்கு மூன்று முறை 15 நிமிடம், பத்து நாள் தடவிய குறைமாதப் பிள்ளைகள், தடவாதவர்களைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் அதிகமாக எடை கூடினார்கள்.

எண்ணெய் எது? நம் ஊரில் தேங்காய் எண்ணெய். மணம் சேர்க்காத, கலப்படமில்லாத செக்கு எண்ணெயோ, மூடியைப் புதிதாகத் திறந்த சின்ன பாட்டிலோ வாங்கி, பிள்ளைக்கென்று தனியாக வையுங்கள். சமையலறைப் பாத்திரத்திலிருந்து எடுக்க வேண்டாம். சூரியகாந்தி எண்ணெயும் ஏற்றது. கடுகெண்ணெய் தோலின் காப்பைக் கெடுக்கிறது. ஆலிவ் எண்ணெயில் அதேபோல் தோலின் காப்பைக் கெடுக்கும் ஒலியிக் அமிலம் அதிகம், அதுவும் வேண்டாம். கற்பூரம், ஓமம், யூகலிப்டஸ், மென்தால் சேர்த்த எந்த எண்ணெயும் கூடாது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே ஏறும், பிஞ்சு உடலில் வலிப்பை வரவழைக்கும். மென்தால் மூச்சுக்குழாயை இறுக்கும்.

தொடங்குவதற்கு முன் பிள்ளையைப் பார்த்த மருத்துவரிடம் சரி வாங்குங்கள். பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி அறையை 26, 28 டிகிரியில் வையுங்கள். வளையல், மோதிரம் கழற்றி, நகம் வெட்டி, முழங்கை வரை சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதாவது 5 மில்லி, முழு உடம்புக்கும் போதும். உள்ளங்கையில் தேய்த்து வெதுவெதுப்பாக்குங்கள், அடுப்பில் சூடாக்காதீர்கள்.

முதல் ஐந்து நிமிடம்: பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு, உச்சந்தலையிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து தோளுக்கு, முதுகில் மேலிருந்து இடுப்புக்கு, தொடையிலிருந்து பாதத்துக்கு, தோளிலிருந்து கைக்கு என ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிமிடம். ஒரு தடவல் போய்த் திரும்ப ஐந்து விநாடி, அப்படிப் பன்னிரண்டு. உச்சிக்குழியில் அழுத்தம் கூடாது. அடுத்த ஐந்து நிமிடம்: மல்லாத்திப் போட்டு ஒவ்வொரு கையையும் காலையும் மெல்ல மடக்கி நீட்டுங்கள், உறுப்புக்கு ஆறு முறை. பிறகு இரண்டு காலையும் சேர்த்து ஆறு முறை. கடைசி ஐந்து நிமிடம் முதலில் செய்தது போலவே. முகத்திலும் மார்பிலும் கையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையே போதும், எண்ணெயைச் சொட்ட விடாதீர்கள்.

அழுத்தம்தான் நுட்பம். விரல்நுனியால் லேசாக வருடினால் பிள்ளைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் எரிச்சல் வரும், உதறி நெளியும். உள்ளங்கை முழுவதும் படிந்து, தோல் கொஞ்சம் நகருமளவு அழுத்த வேண்டும், தோல் சிவக்கக் கூடாது. கொட்டாவி, விக்கல், விரல்களை விரித்தல், முதுகை வளைத்தல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், தோல் நிறம் மாறுதல் தெரிந்தால் கையை அப்படியே நிறுத்தி வைத்துப் பொறுங்கள். தணியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பத்து நிமிடம் அமைதியாகத் தடவியது, பதினைந்து நிமிடம் அழவைத்துத் தடவியதைவிட மேல்.

தடவி முடித்ததும் குளிக்க வைக்க வேண்டியதில்லை. எண்ணெய் தோலில் இருக்கட்டும், நேராகக் கங்காரு அணைப்பில் வையுங்கள். தொப்புள்கொடி விழுந்து பிள்ளை நன்றாகத் தேறும்வரை வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைப்பதே போதும். காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றுவது, மூக்கை நீவி எடுப்பது, மண்டையை உருட்டிப் பிடிப்பது, மூக்கில் வாயால் ஊதுவது எதுவும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. பெண் பிள்ளையானாலும் ஆணானாலும் மார்புக்காம்பு வீங்கிப் பால் கசியலாம், அது தாயின் ஹார்மோனால் வருவது, தானே வற்றும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும்.

வீட்டில் வரும் வற்புறுத்தல்களுக்குப் பதில்

உரை மருந்தில் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு எல்லாம் இழைக்கிறார்கள். வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் என்ற, எலிகளில் புற்றுநோயை உண்டாக்கிய வேதிப்பொருள் காரணமாக அமெரிக்கா 1968-இலேயே உணவில் அதைத் தடை செய்தது. கல்லில் ஒட்டியிருக்கும் கிருமியும் அதோடு போகிறது. தேன் வைத்தால் போட்டுலிசம் என்ற நரம்பு முடக்கம் வரலாம், ஒரு வயது வரை தேன் கிடையாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் தங்கி நிமோனியா ஆகிறது. கடை மையில் ஈயம் இருக்கலாம். கழுதைப்பால் பச்சையாகக் கொடுப்பது பச்சைப் பாலின் எல்லாக் கிருமியோடும் கொடுப்பது.

பாட்டியிடம் வெறுமனே வேண்டாம் என்று சொன்னால் மனம் புண்படும். வேலையை மாற்றிக் கொடுங்கள். தலை காயத்தான் சாம்பிராணி என்றால், துண்டால் ஒற்றித் தொப்பி போட்டு அணைப்பில் வையுங்கள் என்று அவரிடமே பிள்ளையைக் கொடுக்கலாம். மையைப் பாதத்தின் அடியில் சிறு பொட்டாக வைத்துக்கொள்ளட்டும், கண்ணருகே வேண்டாம். தாலாட்டு அவருடையதாகவே இருக்கட்டும், செல்போன் ஒலிபெருக்கியைவிட மெல்லிய அந்தக் குரல் பிள்ளைக்கு நல்லது.

மருத்துவர் கொடுத்த வைட்டமின் டி, இரும்புச் சொட்டு மருந்துகளை எந்த நாட்டு வைத்தியத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த பிள்ளைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். அந்தத் தேதி தவறினால் பார்வையே போகலாம். தடுப்பூசி போடும்போது அணைப்பில் வைத்துப் பால் குடிக்கவிட்டு, குடித்துக்கொண்டிருக்கையிலேயே ஊசி போடச் சொல்லுங்கள், வலி நன்றாகக் குறையும்.

அணைப்பை எப்போது விடுவது? இரண்டரைக் கிலோ நெருங்கும்போது பிள்ளையே கைகாலை வெளியே நீட்டி உதைத்து, கட்டுக்குள் இருக்க மறுக்கும். அதற்குப் பிறகு விட்டுவிடலாம். தடவலைத் தொடரலாம்.

உடனே மருத்துவமனைக்கு

பால் குடிக்க மறுத்தல், தொட்டால் மட்டும் அசைதல், வலிப்பு, பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கையில் நெஞ்சு உள்வாங்குதல், வெப்பம் 37.5-ஐத் தாண்டுதல் அல்லது 35.5-க்குக் கீழே போதல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ். இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மஞ்சளுக்கு வெயிலில் காட்டி நேரம் கடத்தாதீர்கள், மருத்துவமனை நீல விளக்குக்கு அது ஈடாகாது. 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸிலும் பிள்ளையைத் துணியில் சுருட்டிக் கிடத்தாமல் தாயின் மார்போடு அணைத்தபடியே கொண்டு போங்கள், மூக்கும் வாயும் திறந்திருக்கிறதா என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டே.