மரை ஏறினால் மட்டும் போதாது: படகு இன்ஜினுக்கு மாற்று ஆயில் ஃபில்டர் பார்த்து வாங்கும் முறை

இன்ஜின் கம்பெனியின் ஃபில்டர் கையிருப்பில் இல்லை. கடைக்காரர் வேறொரு டப்பாவை எடுத்து நீட்டி, "அதே சைஸ்தான், மாட்டிப் பாருங்க" என்கிறார். மாட்டினால் மரை ஏறுகிறது, ஆயிலும் கசியவில்லை. புதிதாகப் படகு வாங்கியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் திருப்தியாகி விடுகிறார்கள். ஆனால் ஃபில்டர் பொருந்துகிறதா என்பதை முடிவு செய்யும் பாதி விஷயங்கள் டப்பாவுக்கு உள்ளே இருக்கின்றன. நடுத்தண்ணீரில் இன்ஜின் மக்கர் செய்தால் ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. அதனால் ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்ப்போம்.

படி 1: இன்ஜினின் பூர்வீகத்தைக் கண்டுபிடியுங்கள்

படகு இன்ஜின்கள் பலவும் படகுக்கென்றே பிறந்தவை அல்ல. பீட்டா மரைன் இன்ஜின்களின் அடிப்படை குபோட்டா. வீட்டஸ் இன்ஜின்களில் பல மிட்சுபிஷியிலிருந்து வந்தவை. மெர்க்ரூஸரின் பழைய வி8 பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலானவை ஜெனரல் மோட்டார்ஸ் பிளாக்கில் (இன்ஜினின் முக்கிய உடற்பகுதியில்) கட்டப்பட்டவை. உங்கள் இன்ஜினின் மூலம் தெரிந்துவிட்டால் தேடும் வட்டம் சட்டென்று விரிந்துவிடும், ஏனென்றால் அதே பிளாக் டிராக்டரிலோ ஜெனரேட்டரிலோ ஓடிக்கொண்டிருக்கும்.

சர்வீஸ் மேனுவலிலிருந்து அசல் பார்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை மான், பால்ட்வின், டொனால்ட்சன், பிளீட்கார்ட் போன்ற ஃபில்டர் கம்பெனிகளின் ஒப்பீட்டுப் பட்டியலில் போட்டால் அவர்களுடைய நம்பர் வரும். வந்த நம்பரை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நம்பருக்கு உரிய அளவு விவரங்களைத் தேடி எடுத்து, கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் ஒத்துப் பாருங்கள். இரண்டு கம்பெனிப் பட்டியலில் பார்ப்பது இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. டீசல் ஃபில்டரும் ஹைட்ராலிக் ஃபில்டரும்கூட வெளியே பார்க்க இதே டப்பாதான். மரையும் சில சமயம் ஒத்துப்போகும். "லூப்" (Lube) அல்லது "இன்ஜின் ஆயில்" என்று தெளிவாகக் குறிப்பிடாத எதையும் மாட்ட வேண்டாம்.

படி 2: மரையை அளந்து பாருங்கள்

மூன்று அளவுகள் அடிக்கடி கண்ணில் படும்: மெட்ரிக்கில் 20 மி.மீ., 1.5 மி.மீ. பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி); அங்குலக் கணக்கில் 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை; அதே 16 மரையில் 13/16 அங்குலம்.

முதல் இரண்டும்தான் ஆளை ஏமாற்றும் ஜோடி. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. மெட்ரிக்கோடு ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. 16 மரை என்றால் பிட்ச் சுமார் 1.59 மி.மீ.; அதுவும் 1.5-க்குப் பக்கத்தில்தான். அதனால் 20 மி.மீ. மரை உள்ள ஃபில்டரை முக்கால் அங்குல ஸ்டட்டில் (ஃபில்டர் ஏறும், இன்ஜினில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைத்தண்டில்) வைத்துத் திருகினால் லொடலொடவென்று ஏறிவிடும். மரையின் நுனிகள் மட்டும்தான் ஒன்றை ஒன்று பிடித்திருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் ஏறும். அந்த அரைப்பிடி எவ்வளவு தாங்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

எனவே இன்ஜினில் இருக்கும் ஸ்டட்டைத் துடைத்துவிட்டு வெர்னியர் காலிப்பரால் அதன் வெளிவிட்டத்தை அளக்கவும். 19-ஐ ஒட்டி வந்தால் முக்கால் அங்குலம், 20-க்குச் சற்றுக் கீழே என்றால் மெட்ரிக், 20.5 பக்கம் வந்தால் 13/16. சந்தேகம் தீர மரை கேஜ் (பல பிட்ச் அளவுகளில் பல் வெட்டிய தகடுகளின் தொகுப்பு) ஒன்றை வைத்துப் பாருங்கள். சரியான தகடு மரைப் பள்ளங்களில் வெளிச்சம் தெரியாமல் படிந்து உட்காரும். புதிய ஃபில்டரை ஏற்றும்போது அது ஆடினாலும் சரி, முதல் ஒன்றிரண்டு சுற்றிலேயே இறுகினாலும் சரி, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 3: ரப்பர் வளையம்

வளையத்தின் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். இன்ஜினில் அது உட்காரும் வழவழப்பான பரப்புக்குள் முழு வளையமும் அடங்கினால் போதும். விளிம்பில் தொங்கக் கூடாது.

படி 4: பை-பாஸ் வால்வு

ஃபில்டர் அடைத்துக்கொண்டால், அல்லது குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தால், பேரிங்குகள் ஆயில் இல்லாமல் தவிக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த வால்வு. வடிகட்டாத ஆயிலாக இருந்தாலும் பரவாயில்லை என்று திறந்து விட்டுவிடும். பொதுவாக 8 முதல் 16 பிஎஸ்ஐ வரை அழுத்த வித்தியாசத்தில் திறக்கும். சில இன்ஜின்களுக்கு 20-க்கு மேலும் வைத்திருப்பார்கள்.

உங்கள் இன்ஜினுக்கு என்ன அளவு சொல்லப்பட்டிருக்கிறதோ அதே அளவு வேண்டும். குறைவான அளவில் திறப்பதை மாட்டினால், இன்ஜின் வேகம் ஏறும்போதெல்லாம் ஆயில் வடிகட்டாமலே சுற்றும். சில இன்ஜின்களில் இந்த வால்வு பிளாக்கிலேயே இருக்கும், ஃபில்டரில் இருக்காது. மேனுவலில் இது எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். வெளியே பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் இது.

படி 5: ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு

ஃபில்டரின் வாயைப் பாருங்கள். நடுவில் மரைத்துளை, சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒரு குச்சியால் ஓட்டைக்குள் மெல்ல அழுத்தினால் ரப்பர் மடல் ஒன்று உள்ளே அமுங்கும். அதுதான் இந்த வால்வு. இன்ஜின் நின்ற பிறகு ஃபில்டரில் இருக்கும் ஆயில் சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) இறங்கிவிடாமல் பிடித்து வைப்பது இதன் வேலை.

ஃபில்டர் நேராகக் கீழ்நோக்கித் தொங்கினால் இது இல்லாவிட்டாலும் பெரிய குறை தெரியாது, ஆயில் டப்பாவிலேயே நிற்கும். படுக்கைவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டும் இன்ஜின் என்றால் இது கட்டாயம். என் இன்ஜினில் ஃபில்டர் படுத்த வாக்கில்தான் இருக்கும். ஒருமுறை மாற்று ஃபில்டர் போட்ட மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தேன். வழக்கமாக ஒன்றிரண்டு விநாடியில் அணையும் ஆயில் விளக்கு, மனதுக்குள் ஆறு எண்ணும்வரை எரிந்துகொண்டே இருந்தது. அத்தனை நேரமும் பேரிங்குகள் புது ஆயில் வராமல் சுற்றுகின்றன. அன்றே கழற்றிப் பார்த்தேன்; படுத்திருந்த டப்பாவில் ஆயில் பாதிகூட இல்லை. மடல் விறைத்துப்போய் ஓட்டைகளை மூடாமல் நின்றது.

மடல் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர்; சூட்டில் நாளடைவில் விறைக்கும். ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறம் பொதுவாக சிலிக்கான். நெடுநாள் வளைந்து கொடுக்கும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் படகுக்கு நான் சிலிக்கானைத்தான் சொல்வேன்.

படி 6: வடிகட்டும் திறன்

டப்பாவில் "20 மைக்ரான்" (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று மட்டும் போட்டிருந்தால் அதில் பாதி சேதிதான் இருக்கிறது. அந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது பீட்டா எண். 20 மைக்ரானில் பீட்டா 2 என்றால் அந்த அளவுத் துகள்களில் பாதி தப்பிப் போகும். பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம் பிடிபடும். ஐஎஸ்ஓ 4548-12 முறையில் சோதித்ததாகச் சொல்லும் எண்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாம். ரொம்ப நுண்ணியதாக வாங்கினால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஆயில் தாராளமாகப் போய்வரவும் வேண்டும். அசல் ஃபில்டருக்குச் சமமாக இருந்தால் போதும்.

படி 7: வெளித்தகடும் உயரமும்

கார் ஃபில்டரைப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மேலே சொன்ன எல்லாமும் ஒத்துப்போனால் போடலாம். ஆனால் படகு இன்ஜின் நாள் முழுக்க மேட்டில் ஏறும் வண்டியைப் போலப் பாரம் இழுக்கிறது, பக்கத்திலேயே உப்பு ஈரம். மெல்லிய பெயின்ட் உரிந்து தகடு துருப்பிடித்து ஊசித்துளை விழுந்தால், மொத்த ஆயிலும் படகின் அடியில் கொட்டிவிடும். தகடு கனமாகவும் பெயின்ட் நன்றாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

உயரமான ஃபில்டர் அழுக்கை அதிகம் தாங்கும் என்பது உண்மைதான். வாங்குவதற்கு முன், அது இன்ஜின் தாங்கியில் இடிக்காதா, கழற்ற கை போகுமா என்று பாருங்கள்.

மாட்டும்போது

பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை ஏற்றினால் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டதும் முக்கால் சுற்று இறுக்கவும். டப்பாவில் வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்டார்ட் செய்ததும் விளக்கு எத்தனை விநாடியில் அணைகிறது என்று எண்ணுங்கள். சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, கசிவையும் ஆயில் மட்டத்தையும் பாருங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை விநாடிகளை எண்ணுங்கள். ஐந்தாவது படியில் சொன்ன வால்வுக்கு அதுதான் உண்மையான பரீட்சை.

கழற்றிய பழைய ஃபில்டரை ஃபில்டர் கட்டரால் திறந்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். ஹேக்ஸா வேண்டாம், அதன் இரும்புத்தூளே உள்ளே விழுந்து உங்களைக் குழப்பிவிடும். மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. பால்போல் வெளுத்த பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. எந்த ஃபில்டர் வாங்குவது என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள்.