மிருதங்கமும் மீடிறனும்: யாழ்ப்பாணச் சுற்றுலாவுக்கு ஒரு குறிப்பு

இசையிலும் தொழில்நுட்பத்திலும் ஆர்வமுள்ள வன்னி மாணவர்களை யாழ்ப்பாணம் அழைத்துச் செல்கிறீர்களா? தொழில்நுட்பத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு ஏ9 வீதியால் புறப்படுங்கள். பிற்பகலுக்கு மருதனார்மடத்தில் அதே பல்கலைக்கழகத்தின் இசை, நடனப் பீடம். இரண்டுக்கும் அதிபர் மூலம் முன்கூட்டியே கடிதம் அனுப்பி, வகுப்பு நடக்கும் நாளாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் கட்டடத்தைக் காட்டி என்ன பயன்?

மீடிறன், அதாவது ஒலி ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதைக் காட்டும் செயலியைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு போங்கள். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவைப் பசை அப்புவதற்கு முன்னும் பின்னும் தட்டச் சொல்லிப் பாருங்கள். பசையின் பாரத்தால் மீடிறன் இறங்குவது திரையிலேயே தெரியும். கோட்டை, நூலகம் எல்லாம் நேரமிருந்தால்.