சம்மர் புரோகிராம்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பள்ளியில் படிக்கும்போதே ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில் இரண்டு வாரமோ ஆறு வாரமோ தங்கிப் படிக்கும் சம்மர் புரோகிராம் பற்றி இப்போது திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கமெல்லாம் பேச்சு வந்துவிட்டது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். நாங்கள் பிளஸ் ஒன் படித்த காலத்தில் இப்படி ஒன்று இருப்பதே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, தட்டுத் தடுமாறித்தான் போய் வந்தோம். ஆனால் அன்று எங்கள் செட் செய்த அதே தவறுகளை, இன்று என்னிடம் கணக்கு படிக்க வரும் பிள்ளைகளும் அச்சு மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கடைசித் தேதியை மறக்காதே, அடையாள அட்டையை எடுத்துக்கொள் மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அமெரிக்காவின் சம்மரை நம் கோடை விடுமுறை என்று நினைப்பது

நமக்கு ஏப்ரலில் பரீட்சை முடிந்து ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடக்கும் புரோமிஸ் என்ற கணித நிகழ்ச்சி ஜூன் கடைசியில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை ஆறு வாரம் ஓடும். 1957-இல் தொடங்கிய ராஸ் கணித நிகழ்ச்சியும் அங்கேதான், ஜூன், ஜூலை மாதங்களில் ஆறு வாரம். அதாவது பிளஸ் டூ வகுப்பில் முதல் பாடங்கள் நடக்கும்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள், திரும்பி வந்த கையோடு செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. போகக் கூடாது என்று சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம் பேசி வருகைப்பதிவுக்கு என்ன வழி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்த பிறகு போய்க் கேட்டால் பள்ளி ஒருபக்கம் இழுக்கும், வீடு ஒருபக்கம் இழுக்கும்.

பிளஸ் டூ முடித்த கோடையில் போகலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். நீட், சென்னைக் கணிதக் கழகத்தின் நுழைவுத் தேர்வு எல்லாம் வழக்கமாக மே மாதத்தில்தான் வரும். காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

எந்த வகுப்புக்கு என்று பார்க்காமல் விடுவது

இஸ்ரோ நடத்தும் யுவிகா என்ற இளம் விஞ்ஞானிகள் முகாம், 2019-இல் தொடங்கியது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். பத்தாவதில் போய்க் கேட்டால் கதவு மூடியாயிற்று. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். எனவே வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கும் தம்பி தங்கை இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள்.

வளாகத்தின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுவது

இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லவேண்டும். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

காசிமேட்டிலிருந்து படிக்க வரும் ஒரு பையன், அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒரு ஏப்ரல் மாதக் கடைசியில் அவன் அம்மா வகுப்பு முடியும்வரை வாசலில் நின்றிருந்து என்னிடம் வந்தார். “சார், பையன் செலக்ட் ஆயிட்டான் சார். நாளைக்குள்ள மீதித் துட்டு கட்டணுமாம், இல்லாட்டி சீட்டு வேற யாருக்கோ போயிடுமாம். ஒரு வாட்டி பாத்து சொல்லுங்க சார்.” போனை வாங்கிப் பார்த்தேன். மேலே ஒரு பெரிய பல்கலைக்கழகக் கட்டடத்தின் படம். கீழே, உங்கள் திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று பாராட்டு. என்ன பரீட்சை எழுதினாய் என்று பையனைக் கேட்டேன். பரீட்சையே கிடையாது. பெயர், வகுப்பு, அப்பாவின் போன் நம்பர், எதிர்கால லட்சியம் பற்றி நாலு வரி, அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். அதற்குள் முன்பணம் கட்டியாகிவிட்டது, அம்மாவின் வளையலை அடகு வைத்து.

நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், வீட்டுக்கு வருமானம் நின்றுபோகும். இந்த நிறுவனங்கள் மீதிப் பணத்துக்கு நெருக்குவதும் சரியாக அந்த மாதங்களில்தான். அவர்களுக்கு இது தெரிந்திருக்காது, ஆனால் வட்டி கட்டுவது நம் வீட்டு ஆட்கள்தானே.

“அக்கா, இன்னிக்கு எதுவும் கட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு அன்று இரவு அவர்கள் அனுப்பிய விதிமுறைகளை முழுக்கப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: இந்த நிகழ்ச்சியைப் பல்கலைக்கழகம் நடத்தவில்லை, வளாகத்தின் அறைகளை மட்டும் வாடகைக்கு எடுத்து ஒரு தனியார் நிறுவனம் நடத்துகிறது. முன்பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பக் கிடைக்காது என்பதும் அங்கேயேதான் இருந்தது. மெயில் மேல் மெயில் போட்டுப் பார்த்தோம். நீங்கள் ஒப்புக்கொண்டு டிக் செய்திருக்கிறீர்கள் என்று ஒரே பதில். அந்த வளையலை மீட்க அடுத்த வருடம் தீபாவளி தாண்டிவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது. விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், விடுதியும் வகுப்பறையும் காலியாகக் கிடக்கும், நிர்வாகம் அதை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடும். சட்டப்படி அதில் தப்பு எதுவும் இல்லை. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் மண்டபத்து முதலாளி ஆகமாட்டார், அவ்வளவுதான் விஷயம். பாடம் எடுப்பவர் அந்த நிறுவனத்தின் ஆள், சான்றிதழும் அந்த நிறுவனத்தின் பெயரில்தான் வரும். இதையெல்லாம் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடும் நிறுவனமும் இருக்கலாம், நான் பார்த்தவரை இல்லை.

அதனால் பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள். மெயிலில் வரும் இணைப்பைத் தொடாமல், பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்துக்கு நீங்களாகவே போய் அங்கே இந்த நிகழ்ச்சி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். பாடம் எடுப்பது யார் என்று பெயரோடு கேளுங்கள், வல்லுநர் குழு என்று பொதுவாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். எந்தத் தேதி வரை விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் ஒரு கணக்குகூடப் போடாமல், ஒரு கட்டுரைகூட எழுதாமல் தேர்வாகியிருந்தால், அவர்கள் தேர்ந்தெடுத்தது உங்கள் அப்பாவின் பணத்தை.

சரி, பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தினால்? படிப்பு உண்மையானதாக இருக்கும். ஆனால் செலவைப் பாருங்கள்: ஹார்வர்டு நடத்தும் இரண்டு வார நிகழ்ச்சிக்கு 5,000 டாலருக்கு மேல் ஆகும், விமான டிக்கெட் தனி. அங்கே படித்துவிட்டால் பிறகு அதே கல்லூரியில் இடம் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் பலரும் கடன் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. நம் ஊரிலும் அப்படித்தான். ஐ.ஐ.டி.யில் பி.டெக் சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் விளையாட்டு போன்ற சில தனி வழிகள் இருக்கின்றன, முகாம் சான்றிதழ் அதில் சேராது. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான பொறியியல் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். சம்மர் புரோகிராமுக்கு அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

உண்மையிலேயே தரமான பல நிகழ்ச்சிகள் பணத்தைத் துரத்துவதில்லை. யுவிகாவில் பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோ பார்த்துக்கொள்ளும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஒலிம்பியாட் (பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச அறிவியல், கணிதப் போட்டி) முகாமுக்குப் பணம் கட்டி உள்ளே போகவே முடியாது, பல கட்டத் தேர்வைத் தாண்டவேண்டும். புரோமிஸிலும் ராஸிலும் கட்டணம் இருந்தாலும் குடும்ப நிலையைச் சொல்லி உதவித்தொகை கேட்க வழி இருக்கிறது. கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்பவர்களுக்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

விண்ணப்பக் கணக்கை டியூஷன் சாரிடம் கொடுப்பது

புரோமிஸ், ராஸ் இரண்டுமே விண்ணப்பத்தோடு சில கணக்குகளைக் கொடுக்கும், நாள் கணக்கில் உட்கார்ந்து யோசிக்கவேண்டிய கணக்குகள். பிள்ளைகள் அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். போட்டுத் தரமாட்டேன் என்று சொன்னால் சில பெற்றோருக்கு மனவருத்தம். போட்டுத் தந்து உள்ளே போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்: தினமும் காலையில் ஒரு கணக்குத் தாள் வரும், விடையை யாரும் சொல்லமாட்டார்கள், எண்களை வைத்துச் சோதித்துப் பார்த்து நீங்களே ஒரு விதியை ஊகித்து அதை நிரூபிக்கவேண்டும். கைடில் விடை பார்த்துப் பழகிய கைக்கு முதல் வாரம் நரகம். அதனால் பாதி விடை என்றாலும் உங்கள் விடையையே அனுப்புங்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள், அதுவரை என்னென்ன முயன்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்பது

மார்ச்சில் ஆசிரியர்கள் பொதுத்தேர்வுப் பணியில் இருப்பார்கள், அப்புறம் விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்கள். அரையாண்டு விடுமுறைக்கு முன்பே கேளுங்கள். வெறுமனே ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்காமல், நீங்கள் எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், அந்த ஆசிரியரின் வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் எழுத வசதியாக இருக்கும்.

இனிஷியல்

ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு மாதிரி. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பாஸ்போர்ட்டே இல்லையென்றால் நிகழ்ச்சிக்குத் தேர்வாகும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து மணிக்கொரு போன்

வேண்டாம். ராத்திரி ஒரு தடவை போதும்.

தினமும் போய் வந்துவிடலாம் என்று நினைப்பது

2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து கிண்டி போவது சுலபம்தான், ஐ.ஐ.டி. வளாகம் வரை சமாளிக்கலாம். சென்னைக் கணிதக் கழகம் இருக்கும் சிறுசேரி என்றால் அதற்கு மேல் ஓ.எம்.ஆர். சாலையில் வெகுதூரம் பஸ்ஸில் போகவேண்டும். விடுதி கொடுத்தால் தங்குங்கள். பாதிப் படிப்பு ராத்திரி பதினொரு மணிக்கு விடுதி வராண்டாவில்தான் நடக்கும், அதை விட்டுவிட்டு மெட்ரோ பிடிக்க ஓடாதீர்கள்.

ஆங்கிலம் வரவில்லை என்று வாயை மூடிக்கொள்வது

தமிழ் மீடியம் பிள்ளைகள் எனக்குத் தெரிந்து அறிவில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் முதல் மூன்று நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அப்புறம் நாலாவது நாள் முன்னால் வருவது கஷ்டமாகிவிடுகிறது. முதல் நாளே முன் வரிசையில் உட்காருங்கள். கேள்வியைப் பேசத் தயக்கமாக இருந்தால் தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கணக்குக் குறியீடு எல்லாருக்கும் ஒன்றுதான், பாதிக் கேள்வி அதிலேயே புரிந்துவிடும். சென்னையில் நடக்கும் முகாம் என்றால் உதவிக்கு இருக்கும் கல்லூரி அண்ணன் அக்காக்களில் தமிழ் பேசுகிறவர் அநேகமாக ஒருவராவது இருப்பார். சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தேடிப் பிடித்து, அன்றைக்குப் புரியாததை அன்றைக்கே தமிழில் கேட்டு முடித்துவிடுங்கள்.