இணையத்தில் பாட்டு வகுப்பு தொடங்க: ஆப்பைக் கடைசியில் தேடுங்கள்

நாகர்கோவில், தக்கலைப் பக்கம் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர்கள் நிறைய பேர். துபாயில் இருக்கும் மார்த்தாண்டத்துக்காரர் தன் மகளுக்கும் வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்கும்போதுதான் இணைய வகுப்பு யோசனையே வரும். உடனே "எந்த ஆப் நல்லது?" என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை இருக்கின்றன.

படி 1: யாருக்கு, எதுவரை?

'கர்நாடக இசை' என்று பொதுவாக எழுதினால் போதாது. "எட்டு வயதுக்கு மேல், புதிதாகக் கற்பவர்கள், மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்ப ஸ்வரப் பயிற்சிகள், அப்புறம் கீதம் என்ற எளிய பாட்டு" என்று எழுதுங்கள். கீர்த்தனைக்கு வரும்போது, நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவனின் (1839–1900) தமிழ்ப் பாடல்களில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு அது சொந்த ஊர்ப் பாட்டு.

படி 2: ஒரே ஒரு பாடத்தை நடத்திப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். தெரிந்த பிள்ளை ஒருவரை வைத்து முதல் சரளி வரிசையை ஜூமில் எடுத்துப் பாருங்கள். இணையத்தில் ஒலி கொஞ்சம் தாமதித்துத்தான் போய்ச் சேரும். அதனால் இருவரும் சேர்ந்து பாடினால் தாளம் நிற்காது. நீங்கள் பாட, பிள்ளை திருப்பிப் பாட வேண்டும். வில்லுப்பாட்டுக்கும் இதே சிக்கல்தான். வில், உடுக்கு, குடம், ஜால்ரா எல்லாம் ஒரே நேரத்தில் விழ வேண்டுமே! அதற்குப் பதிவு செய்த பாடம்தான் சரி.

இன்னொன்று சுருதி. விடாமல் ஒலிக்கும் தம்பூராவை மின்விசிறி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு ஜூம் அமுக்கிவிடும். 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற அமைப்பை இயக்கிவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் பக்கத்திலும் தனியாக ஒரு சுருதிப்பெட்டி ஒலிக்கட்டும்.

படி 3: வசதிகளை எழுதுங்கள்

கட்டாயம் வேண்டியவை: ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடிய சின்ன வீடியோ, ஸ்வரக் குறிப்பு, பிள்ளை பாடி அனுப்ப ஓர் இடம். மூன்றிலும் உயிரானது கடைசியில் சொன்னதுதான். "இரண்டாம் காலத்தில் இறங்கும்போது ரி ஏறிப்போகுது, மெதுவாக மறுபடி பாடு" என்று நீங்கள் குரலிலேயே பதில் சொல்ல முடிய வேண்டும். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் அது வகுப்பே ஆகாது. வினாடி வினா, சான்றிதழ், சொந்த ஆப் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

படி 4: நேரம்

இங்கே இரவு எட்டரை என்றால் துபாயில் ஏழு மணி, சவூதியிலும் கத்தாரிலும் ஆறு மணி. வளைகுடாப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் பொருந்தும்.

படி 5: இப்போது தளம்

பத்துப் பதினைந்து பேர்வரை தனித் தளம் தேவையில்லை. நேரடி வகுப்புக்கு ஜூம் (இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம், சிறு பிள்ளைக்கு அது தாராளம்), வீடியோவுக்கு யூடியூபில் 'அன்லிஸ்டட்' (தேடலில் வராத வீடியோ), பாடி அனுப்ப வாட்ஸ்அப், கட்டணத்துக்கு யுபிஐ. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியே கட்டிவிடலாம். அன்லிஸ்டட் வீடியோவை, இணைப்பு கிடைத்த யாரும் பார்க்க முடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆட்கள் கூடினால், பாடங்களையும் மாணவர்களையும் ஒரே இடத்தில் வைத்து வகுப்பு நடத்த மூடுல் என்ற மென்பொருள் இருக்கிறது. அது இலவசம், ஆனால் சர்வர் வாடகையும் அதைக் கவனிக்க ஓர் ஆளும் வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் டீச்சபிள் மாதிரி கட்டணத் தளங்கள் உண்டு. பணம் கட்டுமுன் ஒரு சாதாரண கைபேசியிலிருந்து பாடலைப் பதிவேற்றிப் பாருங்கள். வீடியோக்களின் மூலக் கோப்புகளையும் மாணவர் பட்டியலையும் உங்கள் ஹார்டு டிஸ்கில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தளம் கட்டணத்தை ஏற்றினால் வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.