குறைமாதக் குழந்தைக்கு டியூப் போடும்போது செய்யக்கூடாதவை

பால் இறக்கும் டியூப்பைக் காளிங்கராயன் வாய்க்காலில் மடை திறப்பதுபோல நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஈரோட்டுப் பக்கம் எங்கள் வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களும் அப்படித்தான். மறுமுனையில் இருப்பது 1,200 கிராம் எடையுள்ள உயிர்.

டியூப் தொண்டையை உரசியதும் இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்படலாம். அப்போது நிமிடத்துக்கு 150 முறை துடித்த இதயம் கண்ணெதிரே 80க்கு இறங்கும். மூச்சு நின்று உதடு நீலம் பாரித்துவிடுவதும் உண்டு. "இன்னும் இரண்டு சென்டிமீட்டர்தான்" என்று அப்போதும் தள்ளுகிறார்களே, அதைத்தான் மன்னிக்க முடியாது. நிறுத்துங்கள், வெளியே எடுங்கள், குழந்தை தேறட்டும். ஒரு கண் மானிட்டரிலேயே இருக்க வேண்டும். பால் குடித்த வயிற்றோடு டியூப் மாற்றினால் வாந்தி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனைக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி. டியூப் உள்ளே போக வேண்டிய நீளம் இதுதான். நெஞ்செலும்போடு நிறுத்தினால் டியூப்பின் நுனி உணவுக்குழாயிலேயே நின்றுவிடும். பால் மேலேறி நுரையீரலுக்குப் போகலாம்.

டியூப் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறதா என்று காற்றை ஊதி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பது பழைய பழக்கம். நுனி நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் கேட்கலாம். இருமவில்லையே என்றும் நம்பாதீர்கள், இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இருமவே தெம்பிருக்காது. டியூப்பிலிருந்து உறிஞ்சிய நீரின் பிஹெச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, வயிற்று நீருக்கு உரியபடி 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் எக்ஸ்ரே எடுங்கள்.

மூச்சுத் திணறும் குழந்தைக்கு டியூப்பை வாய் வழியாகத்தான் போடுவோம். "வாயில் போட்டால் பாவமாக இருக்கிறதுங்க சிஸ்டர், மூக்கிலேயே விடக்கூடாதா?" என்று ஒரு அப்புச்சி, குழந்தையின் தாத்தா, கேட்டார். "பிள்ளை மூச்சு விடுவதே மூக்கால்தானுங்க அப்புச்சி, ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் திணறிப்போகும்" என்றேன். மூச்சுத் திணறல் தணிந்தபின் மூக்குக்கு மாற்றலாம். வாயில் போட்டது நாக்கு தள்ளி அடிக்கடி நழுவும்.

பால் கொடுக்கும்போது சிரிஞ்சின் தண்டை அழுத்தாதீர்கள். வயிறு உப்பினால் உதரவிதானம் மேலேறி மூச்சை நெருக்கும். சிரிஞ்சை ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் பால் தானாக இறங்கும்.

வீட்டாருக்கு இரண்டு. டியூப் நழுவினால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். சேனை என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவாதீர்கள். கர்ப்பக் கணக்கில் 34 வாரம் ஆகும்வரை உறிஞ்சி விழுங்கி மூச்சுவிடும் ஒழுங்கு பெரும்பாலும் கைகூடாது. அந்த அப்புச்சியும் மடியில் சேனைக் கிண்ணத்தோடுதான் வந்திருந்தார். கேட்டதும் துண்டால் மூடிக்கொண்டார்.